வாய் மூடாப் பாட்டு

2013 ஆகஸ்ட் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு, பொற்றைக்கோணம் அண்டியாபீசின் தோல் உரிக்கும் கூடத்தில் நூற்றுத் தொண்ணூற்று நான்கு பெண்கள் பாடிக்கொண்டிருந்தபோது, ரெத்தினபாய் வாயை மூடினார். மூடியது நான்கு வரி நேரம்தான். இடது காதுக்குக் கீழே, தாடை பொருந்துகிற இடத்தில், விறகு முறிவது போல ஒரு சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது. நெற்றிப்பொட்டில் தொடங்கி உச்சந்தலை வரை யாரோ ஒரு கம்பியைப் பிடித்து இழுத்தார்கள். கை மட்டும் நிற்கவில்லை, கத்தி முனை பருப்பின் சிவந்த தோலை உரித்துக்கொண்டே இருந்தது.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் முந்திரிக்கொட்டைக்கு அண்டி என்று பெயர், முந்திரி ஆலைக்கு அண்டியாபீஸ் என்று பெயர். மற்ற அண்டியாபீசுகளில் பெண்கள் பேசினார்கள், சண்டை போட்டார்கள், சீரியல் கதை சொன்னார்கள். பொற்றைக்கோணத்தில் பாடினார்கள். பாடியே ஆகவேண்டும். பாடுகிற வாய் மெல்லாது என்பது அந்த ஆபீசின் முதல் விதி. இன்றைய முதலாளி சத்தியநேசனின் அப்பா 1962இல் ஆபீஸ் தொடங்கியபோது, இருநூறு பெண்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று பருப்பைக் குவித்துவைத்தால் அவர்கள் தின்னாமல் இருப்பார்களா என்று மூன்று நாள் யோசித்து, நான்காம் நாள் ஒரு தமிழ்ப் புலவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் கேட்டது பக்திப் பாட்டும் அல்ல, காதல் பாட்டும் அல்ல. பாடும்போது உதடும் உதடும் ஒரு தடவைகூடத் தொடக் கூடாது, அவ்வளவுதான். புலவருக்கு அது பெரிய காரியமாக இல்லை; உதடு ஒட்டாமல் பாட்டுக் கட்டுவது பழைய வித்தை, அவர் அதைக் கற்றவர், இரண்டு நாள் இருந்து மீன்கறியோடு சாப்பிட்டுவிட்டு எழுபத்திரண்டு அடி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தென்னங்கீற்றினில் காற்றே நில், நில்,
எங்கள் கைகளின் கதை கேள், கேள்

என்று அது தொடங்கும். ஒரு சுற்று முடிய இருபது நிமிடம். முடிந்ததும் மறுபடி தென்னங்கீற்று. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை, நடுவில் கஞ்சிக்கு அரைமணி நேரம் நீங்கலாக, அந்தக் கூடத்தில் உதடுகள் சந்தித்துக்கொண்டதில்லை. ஐம்பத்தோரு வருடத்தில் ஒரு பருப்பும் எவள் வாய்க்குள்ளும் போனதில்லை. ஐம்பத்தோரு வருடத்தில் ஒருத்தியும் தலைவலி இல்லாமல் வீட்டுக்குப் போனதும் இல்லை. வாய் மூடாப் பாட்டு என்று அதற்குப் பெயர். ஊரில் குழந்தை அழுதால்கூட, வாய் மூடாப் பாட்டுப் படிக்காதே என்றுதான் அதட்டுவார்கள்.

நான்கு வரி முடிவதற்குள் மேஸ்திரி மணியன் வந்து நின்றுவிட்டார். இருபத்தாறு வருடமாக அந்தக் கூடத்தைக் காதால் மேய்த்தவர் அவர்; ஒரு குரல் குறைந்தால் திரும்பிப் பார்க்காமலே எந்தப் பலகை என்று சொல்வார்.

"என்ன ரெத்தினபாயி, வாய்க்கு லீவா?"

ரெத்தினபாய் விரலால் தாடையைக் காட்டினார்.

"வாயத் திற, பாப்போம்."

திறந்தார். மணியன் டார்ச் அடித்து, நாக்கைத் தூக்கச் சொல்லி, கடைவாய் வரை பார்த்தார். பருப்பு இல்லை.

"அப்ப பாடு."

"நோவுது அண்ணா."

"எல்லாருக்கும்தான் நோவுது. எல்லாரும் பாடுதாவ இல்லியா?"

பக்கத்துப் பலகையில் இருந்த டெல்பின், கையும் ராகமும் நிற்காமல், புலவர் எழுதாத ஒரு வரியை நடுவே செருகினார். "நரி நிற்கின்றதே, நரி நிற்கின்றதே" என்று அவர் இழுக்க, நான்கு வரிசை அதை அப்படியே வாங்கிப் பாடியது. உதடு ஒட்டாத வரிதான் என்பதால் மணியனால் அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. டெல்பினுக்கு வயது முப்பத்தெட்டு, வலது காதுக்குள் பதினைந்து வருடமாக வலி, நாக்கில் மட்டும் எந்த நோயும் கிடையாது.

ரெத்தினபாய் வாயைத் திறந்து, விட்ட இடத்தில் சேர்ந்துகொண்டார். அந்த வரியில் இருந்துதான், அந்தக் கூடத்தில் உரிக்கப்பட்ட ஒவ்வொரு பருப்புக்குள்ளும் பாட்டு இறங்கத் தொடங்கியது. தகர டின்களில் அடித்திருந்த தேதியை வைத்து இதைப் பிற்பாடு கண்டுபிடித்தார்கள். அன்று யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் ரெத்தினபாய் பல் டாக்டர் ஷெர்லினிடம் போனார். டாக்டர் இரண்டு பக்கமும் விரல் வைத்து, திற, மூடு, திற, மூடு என்று சொல்லிக் கேட்டார். இடது பக்கம் விறகு முறிகிற சத்தம் அவருக்கும் கேட்டது.

"வாயை ரொம்ப நேரம் திறந்து வைக்கற வேலையா?"

"அண்டியாபீஸ்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பொற்றைக்கோணமா? உங்க ஆபீஸ்ல இருந்து நீங்க எத்தனாவது ஆள்னு தெரியுமா? இங்க பாருங்க, இப்படியே பாடினா அடுத்த ஜூன் மழைக்குள்ள பூட்டிக்கும். ஒரு விரல் போற அளவுதான் திறக்கும். கஞ்சியக்கூட ஸ்ட்ரா போட்டு உறிஞ்சணும்."

"பாடாம இருந்தா?"

"சரியாகும்."

"பாடாம இருந்தா வேலை இருக்காது டாக்டரே."

"அதுக்கு நான் மருந்து எழுத முடியாதும்மா."

கஞ்சியை உறிஞ்ச வேண்டிவரும் என்பது ரெத்தினபாயை அசைக்கவில்லை. அவர் கணக்கு வேறு. இரண்டு வருடத்துக்கு முன்பு, 2011 மே பதினொன்றாம் தேதி, ரப்பர் பால் வெட்டப் போன அவருடைய கணவர் தாசையன் மரத்தடியிலேயே உட்கார்ந்தபடி இறந்துபோனார். வீட்டு முற்றத்தில் கிடத்திய உடம்பின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒப்பாரி சொல்ல ரெத்தினபாய் வாயைத் திறந்தார், வந்தது தென்னங்கீற்று. அவர் பேரைச் சொல்லப் பார்த்தார், மறுபடியும் தென்னங்கீற்று. சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஆபீஸ் பெண்கள், முதல் அடி காதில் விழுந்ததும் இரண்டாம் அடியைப் பழக்கத்தில் பாடிவிட்டார்கள், நிறுத்த யாருக்கும் தெரியவில்லை. தாசையனை எடுத்தது எழுபத்திரண்டு அடியோடுதான். கல்லறைத் தோட்டம் வரை அவர் பேர் ஒரு தடவைகூட அந்தப் பாட்டில் வரவில்லை. அன்று முதல் ரெத்தினபாய்க்கு ஒரு பாக்கி இருந்தது. அதைத் தீர்க்கும் முன்னால் தாடை பூட்டிக்கொள்ளக் கூடாது. டாக்டர் வீட்டுப் படி இறங்கும்போது அவர் நினைத்தது இவ்வளவுதான்.

ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி, கூட்டுறவுச் சங்கச் செயலாளர் வேலப்பனின் மகளுக்குக் கல்யாணம். பந்தியில் முன்னூற்று நாற்பது பேர், பருப்புக் குழம்பு முடிந்து, புளிசேரி முடிந்து, பாயசத்துக்கு இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கடித்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், சர்ச்சிலும் பாடாதவர், குளியலறையிலும் பாடாதவர். முழுப் பருப்பு ஒன்றைக் கடைவாயில் வைத்துக் கடித்தார், வாய் திறந்தது, தென்னங்கீற்றினில் காற்றே நில், நில் என்று கணீரென்று தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர் சிரிக்க வாயெடுத்து, சிரிக்காமல் இரண்டாம் அடியைப் பாடினார். பிறகு வரிசை வரிசையாக, மழை தோட்டத்தைத் தாண்டி வருவதுபோல, பந்தி முழுதும் பாடியது. சம்பந்திகள் பாடினார்கள், சமையல்காரர்கள் பாடினார்கள், கைக்குழந்தைக்குப் பாயசத்தைத் தொட்டு நாக்கில் வைத்தவள் பாடினாள், மணமக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் பாடினார்கள், உதட்டை மூட முடியாததால் பாயசம் பட்டுச் சட்டைகளில் வழிந்தது, நாதஸ்வரக்காரர் இது நிகழ்ச்சியில் இருக்கிறது என்று நினைத்துக் கூடவே வாசித்தார். எழுபத்திரண்டு அடியும் முடிந்ததும் எல்லார் வாயும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டது. பிறகு வலி வந்தது. அந்தக் கல்யாண ஆல்பத்தில் கடைசி இருபது படங்களில் யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. சிலர் இடது கன்னத்தையும், சிலர் வலது காதையும், சிலர் பிடரியையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"எனக்க பாயசத்துல ஒரு குற்றமும் இல்ல" என்றார் சமையல்காரர். "அண்டிப்பருப்பு பொற்றைக்கோணத்துக்கது. போய் அங்க கேளும்."

"பாட்டு கொள்ளாம், நல்ல பாட்டாக்கும்" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. அதோடு முடிந்தது; வெற்றிலை கொண்டுவரச் சொன்னார்கள்.

ஓணம் முடிவதற்குள் தக்கலையில் இருந்து களியக்காவிளை வரை தெரிந்துவிட்டது. ஆச்சரியப்படுவதற்கு முதல் வாரம் ஒதுக்கப்பட்டது. இரண்டாம் வாரத்தில் ஏற்பாடுகள் தொடங்கின. பொற்றைக்கோணம் பங்குத்தந்தை, பூசைக்கு முன்னால் அண்டிப்பருப்பு தின்றுவிட்டு வர வேண்டாம், பூசைக்குப் பின்னால் அவரவர் விருப்பம் என்று அறிவிப்பு வாசித்தார். கோயில் கமிட்டி கூடி, பாயசத்தில் பருப்பை முழுதாகப் போடுவதா உடைத்துப் போடுவதா என்று இரண்டு மணிநேரம் விவாதித்து, உடைத்தால் ஆளுக்குக் கால் பாட்டுதான் வருகிறது, வலியும் கால்தான் என்று செய்து பார்த்துத் தெரிந்துகொண்டு, கால் போதும் என்று தீர்மானம் போட்டது. பாடகர் குழு நடத்துகிறவர்கள் சோம்பேறிப் பையன்களின் வாயைத் திறப்பதற்கு ஒன்று கொடுத்தார்கள். பேசாமல் இருந்த புருஷன் பெண்டாட்டி ஆளுக்கொன்று கடித்துவிட்டு, பாட்டு முடிந்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். பஸ்ஸில் பருப்புத் தின்னக் கூடாது என்று ஒரு கண்டக்டர் எழுதி ஒட்டினார். டிரைவர் கிழித்துப் போட்டார். மருந்துக்கடைகளில் தலைவலித் தைலத்தைப் பருப்பு டின்னுக்குப் பக்கத்திலேயே அடுக்கினார்கள். வலிக்கும் என்று தெரிந்தே வாங்கினார்கள். மிளகாய் எரியும் என்று தெரிந்துதானே கடிக்கிறோம் என்றார்கள்.

வலியிலும் தரம் பிரித்தார்கள். பருப்பை எவள் உரித்தாளோ அவள் வலிதான் தின்றவனுக்கு வரும், வந்த இடத்திலேயே வரும் என்பது மூன்றாம் வாரம் புரிந்தது. இடது தாடையில் தொடங்கி உச்சந்தலைக்கு ஏறினால் அது ரெத்தினபாய். வலது காதுக்குள் குடைந்தால் டெல்பின். பிடரியில் கல்லை வைத்தது மாதிரி இருந்தால் கடைசி வரிசைப் பெண்கள், அவர்களுக்கு வெளிச்சம் போதாது, குனிந்தே இருப்பார்கள். முகம் தெரியாதவர்களுக்குக்கூட அந்தப் பெண்களின் வலி தெரிந்திருந்தது. குழித்துறை பஸ் நிறுத்தத்தில் நகை போட்ட ஓர் அம்மாள் டெல்பின் அருகே வந்து, பேரைக் கேட்டு, அவர் வலது காதைத் தொட்டுப் பார்த்தார்.

"நீதானா பிள்ள? நல்ல வலியாக்கும் உனக்க வலி. எனக்கு ரெண்டு நாள் இருந்துது."

"பிடிச்சிருந்தா வச்சுக்கிடுங்க. வீட்டுல இன்னும் கிடக்குது" என்றார் டெல்பின்.

அம்மாள் சிரித்தார், ஜாதிக்காய் அரைத்துப் போடச் சொன்னார், பஸ் ஏறிப் போனார். யாரும் கெட்டவர்களாக இல்லை. ஜாதிக்காய் சொன்னார்கள், யூக்கலிப்டஸ் சொன்னார்கள், வெந்நீர் ஒத்தடம் சொன்னார்கள். பாட்டை நிறுத்தச் சொல்ல மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊர் அந்த வலியைத் தெரிந்துகொண்டது, தெரிந்துகொண்டதோடு நிறுத்திக்கொண்டது.

சத்தியநேசன் முதலாளி முதல் பத்து நாள் வெளியே வரவில்லை. ஆட்கள் வழக்குப் போடுவார்கள் என்று பயந்தார். வந்தவர்கள் டின் கேட்டு வந்தார்கள் என்று தெரிந்ததும் கதவைத் திறந்தார். அக்டோபரில் புது டின் வந்தது. திறந்த வாய் ஒன்றின் படம், கீழே 'பாடும் பருப்பு' என்று எழுத்து. கொழுப்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் தடுத்திருந்ததால் அவர் மட்டும் ஒன்றும் தின்றதில்லை.

நவம்பரில் டாக்டர் ஷெர்லின் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வளாகத்தில் இலவச முகாம் நடத்தி, ஆபீஸ் பெண்கள் நூற்று நாற்பது பேருக்கு மாத்திரையும் தைலமும் கொடுத்தார். அடுத்த வாரத்து டின்களில் பாட்டு முனகியது. எட்டாம் அடியோடு நின்றும் போனது. வலி குறைந்தால் பாட்டு குறையும் என்று சத்தியநேசன் அன்று கண்டுகொண்டார். மறுநாள் வாசலில் மணியன் நின்று எல்லாருடைய பையையும் சோதித்து, தைலக் குப்பிகளை ஒரு வாளியில் வாங்கிப் போட்டார். கஞ்சி நேரத்தில் வெந்நீர் நின்றது. டிசம்பரில் பாட்டின் வேகம் கூட்டப்பட்டது.

ஜனவரி இருபதாம் தேதி திங்கள்கிழமை முதலாளி ரெத்தினபாயைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இடது தாடைப் பருப்புக்குத்தான் வெளியே அதிகக் கிராக்கி, ஏனென்றால் அதுதான் கடைசி அடி வரை குரல் உடையாமல் பாடியது.

"இரி ரெத்தினபாய். உனக்கு முதுகு சாயக் கசேர போடச் சொல்லியிருக்கேன். தலைக்கு மேல தனி ஃபேன். உனக்க பருப்பத் தனி டின்னுல அடைக்கப் போறோம். உனக்க படம் போட்டு."

"எனக்க வாய் மூடட்டு மொதலாளி. கசேர வேண்டாம்."

"வாய மூடினா பருப்புப் பாடாதே."

"பருப்பு எதுக்குப் பாடணும்?"

சத்தியநேசன் மேசை மேல் இருந்த டின்னைத் திருப்பி வைத்தார். "ஆளுங்க சந்தோசமா திங்காவ இல்லியா? உனக்க வலியில நாட்டுல எத்தன பேரு பாடுதாவ, யோசிச்சுப் பாரு. பெருமையில்லியா?"

"ஒண்ணு கடிச்சுப் பாருங்க மொதலாளி. பெருமைய."

"எனக்குக் கொழுப்பு" என்றார் முதலாளி.

"அது தெரியும்" என்று சொல்லிவிட்டு ரெத்தினபாய் வெளியே வந்தார்.

கஞ்சி நேரத்தில் சானல் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அவர் தூக்குவாளியைத் திறந்தபோது, கரண்டி போகிற அளவுக்கு வாய் திறக்கவில்லை. இரண்டு விரலை வைத்துப் பார்த்தார்; ஒன்றரை விரல்தான் போனது. டெல்பின் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எக்கா, மழைக்கு இன்னும் நாலு மாசம் கிடக்கு."

"தாடைக்குக் கலண்டர் தெரியாது பிள்ள." ரெத்தினபாய் கஞ்சியைச் சாய்த்து உறிஞ்சினார். "ஒரு காரியம் கேக்கேன். ஊரெல்லாம் நம்ம பருப்பத் திங்குது. நம்மள்ல எவளாவது ஒண்ணு தின்னிருக்காளா?"

டெல்பின் யோசித்தார். அவருடைய அம்மா அந்த ஆபீசில் வேலை பார்த்தவர், சித்தி வேலை பார்த்தவர், அவரே பத்தொன்பது வருடம். "இல்லையேக்கா. எப்படித் திங்க? வாய் மூடினாத்தானே."

"அதாக்கும் சொல்லுதேன். அந்தப் பாட்டு எனக்க வாயில இருந்து போனது. போனது வீட்டுக்கு வந்தா என்ன செய்யும்னு பாக்கணும்."

"வேலை போவும்."

"வாய் போறதுக்கு முந்தி போவட்டு."

மறுநாள், 2014 ஜனவரி இருபத்தொன்று, செவ்வாய்க்கிழமை. நூற்றுத் தொண்ணூற்று நான்கு பேரும் வந்திருந்தார்கள். பதினொன்று பத்துக்குப் பாட்டு நாற்பத்திரண்டாம் அடியில் இருந்தபோது ரெத்தினபாய் கத்தியைப் பலகையில் வைத்தார். தன் தட்டில் இருந்து ஒரு முழுப் பருப்பை, உடைவு இல்லாதது, கீறல் இல்லாதது, தேடி எடுத்தார். எல்லா வரிசைக்கும் தெரிகிற மாதிரி கையைத் தலைக்கு மேல் தூக்கினார். பாட்டு ஓரமாகத் தளர்ந்தது. அவர் பருப்பை வாய்க்குள் வைத்து, உதட்டை மூடி, வலிக்கிற இடது பக்கத்திலேயே தள்ளி, மென்றார்.

பாடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நகை போட்ட அம்மாள் பாடியிருக்கிறார், தலைமை ஆசிரியர் பாடியிருக்கிறார், நாய்க்குப் போட்டால் நாய்கூட இரண்டு அடி ஊளையிட்டிருக்கிறது. ரெத்தினபாய் வாய் திறக்கவில்லை. பருப்புக்குள் இருந்த பாட்டு தன் வாய்க்குத் திரும்பி வந்து, இடம் தெரிந்து, உட்கார்ந்துகொண்டது. வலி போகவில்லை, போனதெல்லாம் திரும்பி வந்தது, கல்யாணப் பந்தியில் இருந்தும் பஸ்ஸில் இருந்தும் கோயில் பாயசத்தில் இருந்தும், கொடுத்த அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து அந்த ஒரு தாடையில் இறங்கியது, அவர் கண்ணில் நீர் வந்தது, மெல்லுவதை அவர் நிறுத்தவில்லை. அதே நேரத்தில் குழித்துறையிலும் மார்த்தாண்டத்திலும் இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்தார்கள்.

"எப்படி இருக்குக்கா?" என்று டெல்பின் கேட்டார். கூடமே கேட்டது.

ரெத்தினபாய் விழுங்கினார். இருபத்தாறு வருடம் உரித்ததன் ருசியைக் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணுமில்ல பிள்ள. தேங்கா மாதிரி."

"இதுக்காக்கும் இம்புட்டுப் பாட்டா?" என்றார் டெல்பின், தன் தட்டில் கைவைத்து, ஒன்றை எடுத்து, வாயில் போட்டு மூடினார்.

பிறகு முதல் வரிசை. பிறகு இரண்டாம் வரிசை. வெளிச்சம் போதாத கடைசி வரிசை வரை, அவரவர் தட்டில் இருந்து அவரவர் பருப்பு, ஆளுக்கு ஒன்று, ஒன்றுக்கு மேல் ஒருத்தியும் எடுக்கவில்லை. நூற்றுத் தொண்ணூற்று நான்கு வாயும் மூடி, நூற்றுத் தொண்ணூற்று நான்கு தாடையும் அசைந்து, ஐம்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கூடத்தின் ஓட்டில் அணில் ஓடுகிற சத்தம் கேட்டது. மணியன் ஓடி வந்தார். "துப்பு, துப்பு" என்று கத்திக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே ஓடினார். ஒருத்தியும் துப்பவில்லை. டார்ச்சை எடுத்தார், எந்த வாயில் அடிப்பது என்று தெரியாமல் அணைத்தார். மெல்லுகிறவளைப் பிடிக்கத்தான் இருபத்தாறு வருடம் அவருக்கு வேலை. ஒரு பெண் மெல்லுவதை அவர் அந்தக் கூடத்தில் அன்றுதான் முதலில் பார்த்தார்.

ஆபீசைப் பூட்டினார்கள். ஊரில் டின்களை உடைத்துத் தின்று பார்த்தவர்களுக்கு வெறும் பருப்புதான் கிடைத்தது. சிலர் வருத்தப்பட்டார்கள். கோயில் கமிட்டி கூடி, முன்பு போல முழுப் பருப்பே போடலாம் என்று பழைய தீர்மானத்தை மாற்றியது.

முதலாளி மலையோரத்தில் இருந்து வேனில் புதுப் பெண்களைக் கொண்டுவந்து பாடவைத்தார். அவர்கள் நன்றாகவே பாடினார்கள், பருப்பு பாடவில்லை. அப்படி ஒரு வலி பழுப்பதற்குப் பதினைந்து இருபது வருடம் வேண்டும் என்பதை அவர் யோசிக்கவில்லை. அதோடு, கத்தி பழகாத கை என்பதால் பாதிக்குப் பாதி உடைந்தது. உடைந்த பருப்பைக் கப்பலில் ஏற்ற முடியாது. பழைய பெண்கள் தினமும் காலை எட்டு மணிக்கு வந்து, கேட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, ஐந்து மணிக்குப் போனார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து, என்ன போராட்டம் என்று கேட்டு, பதில் கிடைக்காமல், எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போனார்.

பிப்ரவரி ஒன்றாம் தேதி சனிக்கிழமை முதலாளி கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார்.

"என்னதான் வேணும் ரெத்தினபாய்?"

"பாடணும்னு தோணினா பாடுவோம். மூடணும்னு தோணினா மூடுவோம்."

"தைலம், வெந்நீர் எல்லாம் தாறேன். பாட்ட மட்டும் விட முடியாது. எங்கப்பா போட்ட விதி."

"அப்ப உங்க அப்பாவைக் கூட்டிட்டு வந்து பாடச் சொல்லுங்க" என்றார் டெல்பின்.

முதலாளி அவரைப் பார்க்காமல் ரெத்தினபாயிடமே கேட்டார். "பாட்டு இல்லாட்டா எவ திங்கா, எவ திங்கலன்னு நான் எப்படி அறிவேன்?"

"தின்னா தின்னோம்னு சொல்லுவோம்" என்றார் ரெத்தினபாய். "தேங்கா மாதிரி இருக்கியதுக்கு எவ மொதலாளி களவாணித்தனம் பண்ணுவா?"

2014 பிப்ரவரி மூன்றாம் தேதி திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபீஸ் திறந்தது. நூற்றுத் தொண்ணூற்று நான்கு பேரும் உள்ளே போனார்கள். மணியனைப் பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றியிருந்தார்கள். பகல் முழுதும் பெண்கள் பேசினார்கள், இரண்டு சண்டை நடந்தது, சீரியல் கதை ஒன்று பாதி வரை போனது. ரெத்தினபாய் பேசவில்லை. வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தார்.

மூன்று மாதம் அப்படியே வைத்திருந்தார்.

2014 மே பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, பொற்றைக்கோணம் கல்லறைத் தோட்டத்தில் தாசையனின் தலைமாட்டில் உட்கார்ந்து ரெத்தினபாய் ஒப்பாரி பாடினார். டெல்பின் கூட இருந்தார். நாற்பது நிமிடம் பாடினார். தாசையன் பேர் முப்பத்தொரு தடவை வந்தது. தாடை வலித்தது. நிறுத்தவில்லை.